மூக்கின் வழியே பிட்யூட்டரி அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தானில் மசாலாப் பொடி வறுத்து அரைத்துக் கொடுப்பது என் தொழில். மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வந்த கட்டி பார்வை நரம்பை அழுத்தி ஓரப் பார்வையை மறைத்ததால், சென்ற ஆண்டு மூக்கின் வழியே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயைச் செலுத்தி அதை அகற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது, அந்த நன்றி சிறிதும் குறையாமலே, அதன்பின் என் மூக்கு மணத்தை இழந்ததைப் பற்றி இதை எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் இரத்தக்கசிவு, மூளைநீர்க் கசிவு, ஹார்மோன் குறைவு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்கள். மணத்தைப் பற்றிச் சொன்னது, "கொஞ்ச நாள் மூக்கடைப்பு இருக்கும்" என்பது மட்டுமே. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேளாமலே "இல்லத்தரசி" என்று எழுதியிருந்தது.

கல்பாசி கையில் இருக்கும்போது அவ்வளவாக மணக்காது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் வாசம் எழும். மல்லி கருகப் போகும் நொடியையும் எனக்கு மூக்குதான் சொல்லி வந்தது. மூன்றாம் மாதம் ஐந்து கிலோ மல்லியைக் கருகவிட்டேன்; இருமிக்கொண்டே மகள் அடுப்படிக்கு ஓடிவந்த பிறகுதான் புகையையே கவனித்தேன். நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிகின்றன, காரம் எரிகிறது. ஆனால் கோழிக் குழம்புக்கும் காரக் குழம்புக்கும் வேறுபாடு சொல்லத் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும் மணம் வேண்டும். சிலிண்டர் கசிந்தால் அறிய வழியில்லை என்பதால் இரவில் ரெகுலேட்டரை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டே படுக்கிறேன்.

மறுபரிசோதனையில், மூக்குத் தொல்லைகளை அளக்கும் ஸ்நாட்-22 என்ற வினாத்தாளை நிரப்பச் சொன்னார்கள். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (தொல்லை இல்லை) முதல் 5 (மிக மோசம்) வரை, மொத்தம் 110. மணத்துக்கும் சுவைக்கும் சேர்த்து அதில் ஒரே கேள்வி. ஒருவருக்கு மணமே இல்லாமல் போனாலும் 110இல் 5தான் கூடும். மற்றவை சரியாக இருந்தால் அவர் "நலமாக" இருப்பதாகவே தாள் காட்டும். கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மணம் திரும்புகிறது என்பதை அறிவேன். ஆனால் முன்னரே அளந்து வைக்காததால், எனக்குப் போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே அறுவைக்கு முன் கண்பார்வையைச் சோதிப்பது போல மணத்தையும் சோதியுங்கள். நோயாளியின் பிழைப்பு என்ன என்று கேளுங்கள். மூளைநீர்க் கசிவை அடைக்க மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வை எடுக்க நேர்ந்தால், மண நரம்புகள் பரவியுள்ள மேல்விளிம்பை இயன்றவரை விட்டுவையுங்கள். மணங்களை நாள்தோறும் முகர்ந்து மூக்கைப் பழக்கும் மணப் பயிற்சியையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறைக்கு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களும், காலையும் மாலையும் சில நிமிடங்களுமே போதும். எனக்கு அதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர், என் மகள்.

சோதனைக்குக் குப்பிகள் இல்லையென்றால் சோம்பு, கிராம்பு, ஏலம், பட்டை நான்கையும் நானே நிரப்பி அனுப்புகிறேன். மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானிலிருந்து ஒரு மசாலாக்காரி