அப்பா குரல் உனக்கு நினைவிருக்கிறதா?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு எட்டு ஊர், பதினொரு ஷோ. இப்போது ரயிலில், மேல் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து ஆடும், பொறுத்துக்கொள்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். உன் பெயர் போய்விட்டது, நீ மகன் என்பதே போய்விட்டது, ஆனாலும் நீ சிரித்தால் அவங்களும் சிரிக்கிறாங்க என்று எழுதியிருந்தாய். "எதுக்குச் சிரிக்கிறோம்னு ரெண்டு பேருக்குமே தெரியாதுடா" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"நினைச்சதெல்லாம் கிடைச்சிடுச்சு. இன்னும் ஏண்டா பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையுறே?" வேறு யாராவது கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என்னை இடித்துக் கேட்க உரிமை உள்ளவன் நீ ஒருவன்தான்.

ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. முதல் நாலு வருடம் ஓபன் மைக், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற மேடை. மேடையில் ஐந்து நிமிடம் கிடைக்க வெளியே மூன்று மணி நேரம் நிற்பேன். பாதி இரவுகளில் அந்த அறையில் சத்தமாகச் சிரித்த ஒரே ஆள் நீ. அந்த ஐந்து நிமிடம் பத்தாகி, இருபதாகி, ஒரு மணி நேரமானது. வெளியில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படி உருவாகிறது என்று தெரியாது. ஒரே பிட்டை, ஒரே சிரிப்புத் துண்டை, நூறு இரவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு இரவும் ஒரு சொல்லை எடுத்துப் பார்க்க வேண்டும், இன்னொன்றை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். சிரிப்பை வரவழைக்கிற சொல் வாக்கியத்தின் கடைசியில் விழ வேண்டும். அதற்கப்புறம் ஒரு அசைகூட வரக்கூடாது, வந்தால் ஆட்கள் அதைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிவிடுவார்கள். ஷோ முடிந்ததும் போனில் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிரிப்புக்கும் நோட்டில் ஒரு கோடு. நிமிடத்துக்கு நாலு முதல் ஆறு சிரிப்பு என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. எனக்கு அது ஏழைத் தொட்ட இரவுகள் இருக்கின்றன. அந்த நோட்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அமெரிக்கக் காமெடியன் ஸ்டீவ் மார்ட்டினைப் பற்றி உன்னிடம் முன்பே சொல்லியிருப்பேன். 18 வருடம் ஸ்டாண்ட்-அப் செய்தவர். 10 வருடம் கற்றுக்கொண்டது, 4 வருடம் மெருகேற்றியது, 4 வருடம் கட்டுக்கடங்காத வெற்றி என்று பின்னால் அவரே கணக்குச் சொன்னார். அந்த வெற்றியின் உச்சியில் நின்றுகொண்டே 1981-இல் அதை விட்டு இறங்கிவிட்டார். முன்பு இதைப் படித்தபோது இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய அரங்கில் கடைசி வரிசைவரை எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த நாள் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வேறு எதுவுமே மனசில் இல்லை. அன்றைக்கு மார்ட்டின் ஞாபகம் வந்தது.

1978-இல் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவரோடு இரண்டு பேரும் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரைப் பேட்டி எடுத்தார்கள். லாட்டரி விழாத 22 பேரோடு ஒப்பிட்டால் இவர்கள் பெரிதாக ஒன்றும் கூடுதல் சந்தோஷத்தில் இல்லை. நண்பனோடு பேசுவது, டிவி பார்ப்பது மாதிரியான சின்ன விஷயங்கள் இவர்களுக்கு அந்த மற்றவர்களைவிடச் சப்பென்று இருந்தன. எனக்கு உறைத்தது இந்த இரண்டாவதுதான். உனக்கு நான் போன் செய்தே எத்தனை நாள் ஆகிவிட்டது என்று உனக்கே தெரியும். கூப்பிட நினைக்கும்போதெல்லாம் மணி இரவு ஒன்றைத் தாண்டியிருக்கும் என்பது சாக்கு. உண்மையில், சும்மா பேசுவதில் ருசி போயிருந்தது. நீ ஏதாவது சொன்னால், இதை மேடையில் வைக்கலாமா என்றுதான் மூளை கேட்டுக்கொண்டிருந்தது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மன்னித்துவிடு.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா பிட் உனக்குத் தெரியும். நான் தூரத்து ஊரில் இருந்தால் போனில் கத்துவார், பக்கத்துத் தெருவில் இருந்தால் கிசுகிசுப்பார். தூரத்துக்குத் தக்க சத்தம் வேண்டும் என்று கடைசிவரை நம்பினார். அவர் போய் ஒரு வருடம் கழித்துத்தான் அதை எழுதினேன், அழுதுகொண்டேதான் எழுதினேன். பன்னிரண்டு நிமிடம். எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே அதுதான். முந்நூறு இரவுக்கு மேல் செய்திருப்பேன். நான் மேடையேறியதுமே பின்னாலிருந்து "அப்பா! அப்பா!" என்று கத்துகிற ஊர்கள் உண்டு.

போன வருடம் ஒரு ராத்திரி, லாட்ஜ் அறையில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, அப்பா குரலை நினைத்துப் பார்த்தேன். வந்தது அவர் குரல் இல்லை. நான் மேடையில் செய்கிற குரல். பன்ச்சுக்கு முன்னால் நான் விடுகிற அரை வினாடி இடைவெளி உட்பட அப்படியே வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். வேறு ஏதாவது நினைத்துப் பார்ப்போம் என்று, எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பின்னாலிருந்து என்ன சொன்னார் என்று தேடினேன். அதிலும் அந்த மேடைக் குரல்தான். நான் பேசிய ஒவ்வொரு இரவும் என்னிடம் பதிவாக இருக்கிறது மாப்ளே. அவர் பேசிய ஒரு நிமிடம்கூட இல்லை.

கரீம் நாடர் என்ற ஆய்வாளர் 2000-இல் எலிகளை வைத்துக் காட்டியதைப் பிறகு படித்தேன். கெட்டிப்பட்டுப்போன ஒரு பழைய நினைவைத் திரும்ப எழுப்பினால் அது கொஞ்ச நேரத்துக்கு இளகிவிடுகிறது, மூளை அதை மறுபடி கெட்டியாக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இளகிய நேரத்தில் மருந்து கொடுத்துத் தடுத்தால் அந்த நினைவே நிற்காமல் போகிறது. எலிக்கு நடப்பது எனக்கும் அப்படியே நடந்ததா என்று சொல்ல நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் முந்நூறு இரவு நான் அப்பாவை வெளியே எடுத்தேன், ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரித்த இடத்தைக் கொஞ்சம் தூக்கி, சிரிக்காத இடத்தைக் கொஞ்சம் வெட்டி உள்ளே வைத்தேன். அது எனக்குத் தெரியும்.

நகை தோன்றும் இடம் நான்கு என்று தொல்காப்பியர் சொல்வதை நீயும் நானும் சேர்ந்துதான் மனப்பாடம் செய்தோம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அப்பாவிடம் இருந்தது பேதைமை. வெள்ளந்தி மனசு, மகன் தூரத்தில் இருக்கிறான், காதில் விழ வேண்டுமே என்ற தவிப்பு. அதை நான் கொஞ்சம் கொஞ்சமாக எள்ளலாக்கிவிட்டேன். எள்ளலுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். கோடு கூடும். எந்த இரவில் அது மாறியது என்று பழைய பதிவுகளைப் போட்டுத் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு இரவே இல்லை போலிருக்கிறது.

அந்த லாட்ஜ் இரவுக்கு மறுநாளே அப்பா பிட்டை நிறுத்தினேன். ஏற்பாடு செய்பவர்களுக்குக் கோபம். ஒரு ஊரில் பேசிய தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதை விடு. இன்னொரு அமெரிக்கக் காமெடியன் ஜார்ஜ் கார்லின் 1977-லிருந்து 2008 வரை டிவிக்கு 14 ஸ்பெஷல் செய்தார், ஒன்று வந்ததும் அதிலிருந்த மெட்டீரியலை ஓரம்கட்டிவிட்டு அடுத்ததைப் புதிதாக எழுத உட்காருவார். அவருக்கு அது தொழில் ஒழுக்கம். எனக்குத் தப்பித்து ஓடுவதாக இருந்தது.

ஆனால் பழைய பதிவுகளைத் தேடினேன் என்றேனே, அதில்தான் வேறொன்று கிடைத்தது. வழக்கமாகப் போனை மேடையில் ஸ்டூல் மேல் வைப்பேன். ஒரு இரவு மறந்துபோய் முன்வரிசை நாற்காலிக்குப் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன். அதனால் என் குரல் தள்ளிக் கேட்கிறது, ஒரு கணவன் மனைவி பேசுவது தெளிவாகக் கேட்கிறது. வயதானவர்கள் என்று குரலில் தெரிகிறது. நான் போனில் கத்தும் இடம் வருகிறது. அந்த அம்மா, "உங்க அண்ணன் இப்படித்தானே கத்துவாரு" என்கிறார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இருந்திருந்தா இப்ப எந்திரிச்சு நின்னு கத்தியிருப்பான்" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அரங்கு முழுக்க அடங்கிய பிறகும் சிரிக்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. நான் அடுத்த மூன்று பன்ச் சொல்கிறேன், அவர்கள் காதில் ஒன்றுகூட விழவில்லை. அந்த அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கிறது.

அன்றைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் "பேச்சுச் சத்தம், கவனம் போச்சு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மேடையிலிருந்து ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றாகச் சிரிக்கும்போது யாரும் என்னைப் பார்ப்பதே இல்லை மாப்ளே. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், தொடையில் தட்டுகிறார்கள், தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். தனியாக வந்தவர்கள்கூட முன்பின் தெரியாத பக்கத்து ஆளைப் பார்க்கிறார்கள். ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தார். அவற்றில் ஜோக் மாதிரியான ஒன்றைத் தொடர்ந்து வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். மற்றவை "சரி, அப்புறம் பார்ப்போம்" மாதிரி சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனுஷன் 30 மடங்கு சிரிக்கிறான் என்றும் அவர் கண்டார். பதினான்கு வருடம் இந்தச் சிரிப்பை என் சொத்து என்று எண்ணி எண்ணி வைத்தேன். அது அவர்களுக்குள் நடப்பது. நான் அவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கிறேன், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஒரு சாக்குக் கொடுக்கிறேன்.

அதனால்தான் உன் அம்மாவைப் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். எதற்கு என்று தெரியாமலே நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்களே, நான் ஒரு மணி நேர மெட்டீரியலை வைத்துக்கொண்டு செய்ய முயல்வது அதைத்தான். பெயரும் உறவும் போன பிறகும் அவங்களிடம் அது இருக்கிறது. நீ அவங்க பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதைப் பெரிய காரியம் என்று நினைத்துக்கொள். நான் நினைக்கிறேன்.

அலைவது இதற்காகத்தான். இப்போது சின்ன அறைகளாகத் தேடிப் போகிறேன், அறுபது எழுபது நாற்காலி. வரும்படி குறைந்துவிட்டது, ஓட்டிவிடலாம். நோட்டில் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். அப்பா பிட்டை இரண்டு மாதமாகத் திரும்பச் செய்கிறேன், ஆனால் அவர் குரலைச் செய்வதில்லை. என் குரலிலேயே, அவர் இப்படிச் செய்வார் என்று சொல்கிறேன். தூரம் என்றால் ஏன் கத்துவார் என்பதையும் சொல்கிறேன். சிரிப்பு பாதிதான் வருகிறது. சிரித்து முடித்ததும் ஒரு அமைதி வருகிறது, அது முன்பு வந்ததில்லை. அந்த அமைதியில் என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்காகவே மேடையேறத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் நடுவில் ஆறு நாள் ஷோ இல்லை. வருகிறேன். அம்மாவுக்கு என்னைத் தெரியாது என்று வருத்தப்படாதே, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அதற்குள் எனக்காக ஒரு வேலை செய். உன் வீட்டுக்கு அப்பா எத்தனை தடவை வந்திருக்கிறார், உன்னோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். நீ அதை மேடையில் சொன்னதில்லை, யாரிடமும் செய்து காட்டியதில்லை. உன்னிடம் இருப்பது கைபடாமல் இருக்கும். உன்னை எப்படிக் கூப்பிடுவார்? கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வார்? "அப்புறம்" என்ற சொல்லை இழுப்பாரா? எனக்கு இழுப்பார் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அது நான் கூட்டத்துக்காகச் சேர்த்ததா என்று தெரியவில்லை. நினைவுக்கு வந்த வரிசையிலேயே எழுது. நான் வந்த பிறகு வாயால் சொல்லாதே, கேட்டால் உடனே பிடித்துக்கொண்டு செய்ய ஆரம்பித்துவிடுவேன். எழுதியே கொடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்