கட்டர் வைக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய இரும்புக் கடை நடத்தும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கம் வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பட்டறையாக்கிப் பழைய பைக்குகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான். எனக்கு வேண்டிய சாமானில் பாதி உங்கள் கடைகளில் கிடைத்ததுதான். அந்த உரிமையில், பழைய பைக்கைக் கட்டர் வைத்து வெட்டும் முன் ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.

போன மாசம் ஒரு கடையில் பழைய ஜாவா பைக் என்ஜினின் கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் என்ற சுழல் தண்டைத் தாங்கும் கூடு, கண்ணில் பட்டது. இரண்டு பாதியாக வரும் அதில் இடது பாதி மட்டும். மண்ணைத் துடைத்துப் பார்த்தால், பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு கீறல் இல்லை. வலது பாதி எங்கே என்று கேட்டேன். முந்தின நாள்தான் அலுமினிய லோடோடு உருக்கப் போய்விட்டதாம். அந்த இரண்டு பாதியையும் கம்பெனியிலேயே ஜோடி சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள். வேறு வண்டியின் பாதியைக் கொண்டுவந்து பொருத்தினால் கிராங்க் நேராக உட்காராது, பேரிங் சீக்கிரம் போய்விடும். ஒற்றைப் பாதியைக் கிலோ விலைக்கு வாங்கி வந்து பரணில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அந்த வண்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996இல் மூடிய கம்பெனி. கியர் கம்பியையே உள்ளே அமுக்கித் திருப்பினால் கிக்கர் ஆகும், அப்படி ஒரு வண்டி. இப்போது அதே பெயரில் வரும் புது வண்டியின் சாமான் இதற்குச் சேராது. 1984இல் நம் ஓசூரிலிருந்து வந்த இண்டு-சுசுகி ஏ.எக்ஸ்.100 பைக்கூட இப்போது உங்கள் கடை மூலையில்தான் கண்ணில் படுகிறது.

பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதாவது போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம். டாங்க் ஓட்டையானால் வெல்டிங் வைத்து அடைக்கலாம். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் (வண்டிச் சட்டம்) நம்பரைக் கட்டர் தின்றுவிட்டால், அதன் பிறகு அந்த வண்டிக்குப் பெயரே கிடையாது. 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. வரிசையில் நம்பர் கிடைக்கும். பதிவதற்கு முதலில் கழுத்து இருக்க வேண்டுமே!

பையன்கள் கேட்டால் சீட், ஹேண்டில்பார் மாற்றி அவர்கள் ஆசைப்படி நானும் கட்டித் தருகிறேன். கழற்றிய ஒரிஜினலைச் சாக்கில் கட்டி அவர்களிடமே கொடுத்துவிடுவேன். சேசிஸில் மட்டும் கை வைப்பதில்லை.

முழு வண்டி வந்தால் ஒரு நாள் ஓரமாகச் சாத்தி வையுங்கள். போட்டோ எடுத்துப் பக்கத்து மெக்கானிக்குக் காட்டுங்கள். கிலோ விலைக்கு மேல் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். விற்க வருகிறவரிடம் ஆர்.சி. புக் கட்டாயம் கேளுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், யாரும் கேட்காததால் கொண்டுவராமல் இருப்பார்கள். அதுவும் இல்லை என்றால் திருட்டு வண்டியாகவும் இருக்கலாம், உங்களுக்குத்தான் வம்பு. என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டிப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக் கடைகளுக்கு வருகிறேன். கடைக்கு ஒரு சுருள் கட்டுக்கம்பி நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரன்