நோர்த் எண்ட் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது? குரொய்டன் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர முதல்வருக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தென்லண்டன் குரொய்டனின் பெரிய கடைத்தெருவான நோர்த் எண்டில் இருந்த அல்டேர்ஸ் பெருங்கடையின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1862இல் நோர்த் எண்டில் துணிக்கடையாகத் தொடங்கி, ஹரட்ஸுக்கும் செல்ஃப்ரிஜஸுக்கும் அடுத்த பெரிய கடை என்று பெயர் வாங்கியது. 2005இல் கம்பனி நொடித்த பிறகும் குரொய்டன் கடை மட்டும் வேறு கைக்கு மாறிச் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2012இல் அதுவும் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுக் கலவரத்தில், 1867 முதல் இருந்த ரீவ்ஸ் தளபாடக் கடை எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். பெரிய கடைகள் மூடிய பிறகு எங்கள் வயதானவர்கள் படும் பாட்டை, கோப்புகளில் இல்லாத அந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குரொய்டனின் தோர்ண்டன் ஹீத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். நீண்ட காலமாக நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அகலமான, விரல்களை நெருக்காத சப்பாத்துப் போடச் சொல்லி வைத்தியர் சொல்லிவிட்டார். மகன் ஒன்லைனில் ஒரு சோடி எடுத்துக் கொடுத்தார். அது இறுக்கம். ஆனால் இறுக்கம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பெருவிரலில் தோல் சிவந்த பிறகுதான் வீட்டில் கண்டார்கள். திருப்பி அனுப்புவதற்குக் கைத்தொலைபேசியில் ஒரு குறியீடு வரவேண்டும், அதைக் கொண்டுபோய்ப் பார்சல் எடுக்கும் இடத்தில் காட்டவேண்டும். மகனுக்கு லீவு கிடைக்கும் வரை பெட்டி வாசலிலேயே கிடந்தது. அடுத்து வந்த சோடி குதிக்காலில் கழன்றது. மார்கழிக் குளிரில் அவர் தடித்த காலுறைக்கு மேலே செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சப்பாத்து வாங்குவது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். காலில் உணர்ச்சி உள்ளவருக்கு அது சின்னக் காரியம்தான். இல்லாதவருக்கு இன்னொருவர் குனிந்து, விரல் எங்கே முடிகிறது என்று அமத்திப் பார்த்து, எழுந்து நடக்கச் சொல்லி, மீண்டும் பார்க்கவேண்டும். கவனிக்காமல் விட்ட ஒரு சிறு காயம் நீரிழிவுக்காரரின் காலையே வாங்கிவிடும். பெரிய கடைகளில் அந்த வேலையைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உட்காரக் கதிரை இருந்தது. அதே கூரையின் கீழ் கோட், போர்வை, நூல், பொத்தான் எல்லாம் இருந்தன. நோர்த் எண்டில் ஒன்றிரண்டு பெரிய பெயர்கள் இன்னும் நிற்பது உண்மை. ஆனால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று அலைய இந்த வயதில் யாரால் முடியும்?

எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இந்த இடத்தோடு ஓர் உறவும் உண்டு. பலருக்குக் குரொய்டன் அறிமுகமானதே வெல்ஸ்லி வீதியில் உள்ள குடிவரவு அலுவலகமான லூனர் ஹவுஸ் வழியாகத்தான். அகதி விண்ணப்பத்துக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள், வெளியே வந்து நோர்த் எண்டில் இறங்கி அல்டேர்ஸுக்குள் போனார்கள். கையில் காசு இருந்தவர் தன் முதலாவது கோட் ஒன்றை அங்கே வாங்கினார். இல்லாதவர் குளிருக்கு ஒதுங்கினார். யாரும் துரத்தவில்லை.

சரி, ஒன்லைன் வியாபாரத்தை நகரசபையால் நிறுத்தமுடியாது என்பது எனக்குத் தெரியும். பெருங்கடைகளான பிஎச்எஸ் 2016இலும் டெபனம்ஸ் 2021இலும் நாடு முழுவதும் மூடியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நகர நடுவில் இருக்கும் கடைக்கு ஊருக்கு வெளியே உள்ள கிடங்கைவிடச் சதுர அடிக்கு அதிக வரி விழுவதும் பாராளுமன்றம் திருத்தவேண்டிய விடயம்.

ஆனால் 2013இல் வெஸ்ட்பீல்ட் என்ற பெரும் கடைத்தொகுதி வருகிறது என்று சொன்னது நீங்கள். நூறு கோடிப் பவுண்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றார்கள். உரிமையாளரிடமிருந்து இடத்தைக் கட்டாயமாக வாங்கும் கட்டாயக் கொள்வனவு ஆணையும் எடுத்தீர்கள். அதை நம்பிக் கடைக்காரர் காத்திருந்தார்கள், பிறகு போய்விட்டார்கள். இடிக்கப்போகிற கட்டடத்தில் யார் பணம் போடுவார்? அதே காலத்தில், 2018இல், நகரசபை 5 கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து பர்லி வேயில் உள்ள கொலனேட்ஸ் கடைத்தொகுதியை வாங்கியது. காரில் போகிறவர்களுக்கான இடம் அது. நகர நடுக் கடைகள் ஒவ்வொன்றாய் இருளும்போது ஊர் ஓரத்தில் கடை வாங்கியதை இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2020இல் நகரசபையே கையில் பணம் இல்லை என்று அறிவித்தது. அதன் சுமையையும் வரியாக நாங்கள்தான் கட்டுகிறோம். நீங்கள் புதிதாக வந்தவர்களாக இருக்கலாம். கட்டுகிற நாங்கள் பழைய ஆட்கள்தான்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது இதுதான்: பெருந்திட்டம் வரும்போது வரட்டும், அதுவரை நோர்த் எண்டில் வெறுமையாகக் கிடக்கும் பெரிய கடைகளின் தரைத்தளத்தையாவது திறந்துவிடுங்கள்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் கடையை, ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையான குத்தகைக்கு ஏலம் விடும் அதிகாரம் 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் நகரசபைகளுக்கு உண்டு. இடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, லண்டன் வீதியிலும் சரே வீதிச் சந்தையிலும் இருக்கும் சிறு வியாபாரிகள் கூட்டாக எடுக்க உதவுங்கள். சப்பாத்து அளந்து கொடுப்பவர், துணி திருத்துபவர், கோட் விற்பவர் என்று ஒரே கூரையின் கீழ் வரட்டும். உரிமையாளர் விரைவில் இடிக்கப்போகிறோம் என்று மறுத்தால், எந்த மாதம் என்று கேளுங்கள். மாதம் சொல்ல முடியாதவருக்கு மறுக்கும் உரிமை இருக்கக்கூடாது.

அப்புறம் இன்னொன்று. தென்கரையில் உள்ள பூல் நகரில் பீல்ஸ் என்ற பெருங்கடையின் மேல்தளத்தில் 2021இல் என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) வெளிநோயாளர் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். அந்தக் கடை 2025இல் மூடப்பட்டது, ஆகவே இது எல்லாவற்றையும் காப்பாற்றும் மருந்து என்று சொல்லவில்லை. ஆனாலும் பாதம் பார்க்கும் கிளினிக்கும் சப்பாத்து விற்கும் இடமும் ஒரே கட்டடத்தில் இருந்தால், நான் மேலே சொன்ன அம்மாவைப் போன்றவர்கள் ஒரே பஸ்ஸில் வந்து இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு போவார்கள். என்எச்எஸ்ஸோடு பேசிப் பாருங்கள்.

மீண்டும் தாழ்மையாகக் கேட்கிறேன்: தரைத்தளத்தைத் திறந்துவிடுங்கள். நோர்த் எண்டின் எந்தெந்தக் கட்டடங்கள் ஓராண்டுக்கு மேல் வெறுமையாக உள்ளன, அவற்றில் எதை முதலில் ஏலத்துக்கு விடுவீர்கள், எப்போது என்பதை அடுத்த குளிர்காலத்துக்கு முன் பகிரங்கமாக அறிவியுங்கள்.

நன்றியுடன்,
தோர்ண்டன் ஹீத் வாசி ஒருவர்