மணல்மேட்டு ஓட்டுநர் குழுவின் ஆண்டறிக்கை: லீவா பயணமும் ஒரு தீர்மானமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வார விடுமுறையை நமக்காக விட்டுக்கொடுக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

முடிந்த பருவத்தின் ஆண்டறிக்கையைச் செயற்குழு சார்பில் அவையின் முன் வைக்கிறேன். அக்டோபரில் வெயில் தணிந்ததும் தொடங்கி ஏப்ரலில் முடித்துக்கொள்வது நம் வழக்கம். இந்தப் பருவமும் அப்படியே நடந்தது. புதியவர்களுக்கு மணலில் வண்டி ஓட்டும் பயிற்சி ஷார்ஜாவின் அல் பதாயர் மேடுகளிலும், அடுத்த நிலைப் பயிற்சி அபுதாபியின் ஸ்வெய்ஹான் பக்கத்திலும் நடந்தன. குப்பை பொறுக்கும் நாளுக்குக் குழந்தைகள் நிறைய வந்தது மகிழ்ச்சி. பாலைவனத்தில் நாம் விட்டுவரும் பிளாஸ்டிக் பையை ஒட்டகம் தின்றுவிடுகிறது. அது வயிற்றிலேயே தங்கிக் கட்டியாகி, கடைசியில் உயிரையே எடுத்துவிடுகிறது. ஆகவே அந்த நாளை வரும் ஆண்டும் தொடர வேண்டும் என்பது செயற்குழுவின் விருப்பம்.

மற்ற நிகழ்ச்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நாம் லீவா போனதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அன்று மொரீப் என்ற பெரிய மணல்மேட்டை எட்டாமல் பாதியில் திரும்பினோம். "விடிவதற்கு முன்னே எழுந்து, நாலு மணி நேரம் ஓட்டிப் போய், கடைசியில் மொரீபைப் பார்க்காமலே வந்தோமே" என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஆண்டில் நம் குழு எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அன்று திரும்பியதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று நடந்ததை வரிசையாகச் சொன்னால் காரணம் விளங்கும்.

அங்கே வராத உறுப்பினர்களுக்காக இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அபுதாபி எமிரேட்டின் தெற்கே, அல் தஃப்ரா பகுதியில், பேரீச்சந்தோட்டங்கள் பிறை வடிவில் நீண்டு கிடக்கும் பசுஞ்சோலைதான் லீவா. பனூ யாஸ் குடியினரின் பூர்வீகம் அது. அபுதாபியையும் துபாயையும் ஆளும் இரண்டு குடும்பங்களும் அந்தக் குடியில் வந்தவைதான். தோட்டங்களைத் தாண்டினால் ரூப் அல் காலி பாலைவனம் தொடங்கிவிடும். சவூதி, ஓமன், ஏமன், அமீரகம் என்று நான்கு நாடுகளில் சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு மணல்தான். மொரீப் மேடு மட்டும் சுமார் 300 மீட்டர் உயரம். அதன் அடிவாரம் வரைக்கும் தார்ச்சாலை போகிறது. நம் திட்டம் அந்தச் சாலையின் மேற்கே மணலில் இறங்கி, மேடுகளுக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய், மாலையில் மொரீப் அடிவாரத்தில் வெளியே வருவது.

முஸைரா பெட்ரோல் நிலையத்தில் எல்லாரும் டேங்கை நிரப்பிக்கொண்டோம். மணலுக்குள் வண்டி குடிக்கும் பெட்ரோலுக்குச் சாலைக் கணக்கு உதவாது. அப்புறம் சாலையோரத்தில் நிறுத்தி டயர்களில் காற்றை இறக்கினோம். 35 பிஎஸ்ஐயில் இருந்ததை 15க்குக் கொண்டுவந்தோம். காற்று குறையும்போது டயரின் தடம் நீளமாகிறது, எடை பரவுகிறது, வண்டி மணலுக்குள் புதையாமல் மேலேயே மிதக்கிறது. அதற்காக 10க்குக் கீழே போனால் வேறு வினை வரும். திரும்பும்போது பக்கவாட்டு அழுத்தம் தாங்காமல் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்.

காலை அருமையாக இருந்தது. குளிர்காலத்தில் லீவாவில் மூடுபனி இறங்கும். அந்த ஈரத்தில் மேல்மணல் கொஞ்சம் இறுகி நிற்கும். வெயிலும் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு முகட்டின் நிழலும் தெளிவாகத் தெரியும். காற்று ஏறும் பக்கம் கெட்டியாக இருக்கும், அதில் ஏறலாம். மறுபக்கம் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் கோலமாவு போலப் பொலபொலவென்று கிடக்கும். உலர்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய சரிவு சுமார் 34 டிகிரிதான், அந்த அளவிலேயே சறுக்குப் பக்கம் நிற்கிறது. அதில் நேராக இறங்கினால் வண்டியும் மணலும் சேர்ந்து மெதுவாக வழுக்கி வரும். குறுக்காக இறங்கினால் வண்டி உருண்டுவிடும். ஒன்பது வண்டிகளும் இந்த ஒழுங்கோடு ஒன்றன்பின் ஒன்றாக முதல் மேடுகளைக் கடந்ததைக் கடைசி வண்டியில் இருந்து பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. பயிற்சியில் பட்ட பாடெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

பத்தரை மணி இருக்கும். உயரமான ஒரு மேட்டில் ஆறாவது வண்டி ஏறியபோது பாதியில் வேகம் குறைந்து நின்றுவிட்டது. ஓட்டியவர் இந்த ஆண்டு சேர்ந்த உறுப்பினர். கூடவே மனைவியும் பத்து வயது மகளும் இருந்தார்கள். வாக்கி டாக்கியில் பதற்றமான குரல் வந்தது.

"அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

"தம்பி, ஸ்டீயரிங்கைத் திருப்பாதே. ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேரா இறங்கு," என்றார் முன்னே போன தலைவர்.

அதற்குள் முன்சக்கரம் திரும்பிவிட்டது. வண்டி குறுக்காகச் சரிந்து, பள்ளத்துப் பக்க முன்டயர் ரிம்மிலிருந்து கழன்று, அப்படியே சாய்ந்து நின்றது. நல்லவேளையாக உருளவில்லை.

அங்கிருந்து நடந்தது எல்லாம் நம் உறுப்பினர்களின் பெருமை. மேட்டுப்பக்கக் கதவு வழியாக அம்மாவையும் பிள்ளையையும் முதலில் இறக்கினார்கள். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று உரக்கச் சொல்லி ஆளை நிறுத்தினார்கள். முகட்டின் மேலே நின்ற லேண்ட் குரூஸரிலிருந்து கயிறு இறக்கி, சாய்ந்த வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றை வண்டியின் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் மாட்டினால், இழுக்கும்போது அது முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உலகெங்கும் ஆட்களைக் கொன்றிருக்கிறது. பிறகு மண்வெட்டியால் மேட்டுப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் மணலை வழித்து எடுத்தார்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வண்டி சமநிலைக்கு வந்தது. அதன் பின்னரே ஜாக்கி வைத்தார்கள், அடியில் பலகையோடு. பலகை இல்லாவிட்டால் ஜாக்கி மேலே தூக்காது, மணலுக்குள்ளே போகும்.

டயரைத் திரும்ப ஏற்றுவதில்தான் நேரம் போனது. ரிம்மின் விளிம்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் காற்று நிற்காது. பெயின்ட் அடிக்கும் பிரஷால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார் ஒருவர். அந்தச் சிறுமி தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரை மாட்டினார்கள். முள் இல்லாவிட்டால் காற்று வேகமாக உள்ளே பாயும். 'டப்' என்று ஒரு சத்தம், சிறிது இடைவெளி, மறுபடி ஒரு 'டப்'. டயரின் இரண்டு பக்கமும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டன. எல்லாரும் கைதட்டினார்கள். லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைத் தெளித்துத் தீ வைத்து டயரை ஏற்றும் வித்தையை யாரோ சொன்னார்கள். நம் குழுவில் அதற்கு இடமில்லை என்பதை இந்த அறிக்கையிலும் பதிவு செய்கிறேன்.

இதற்குள் நடுப்பகல் ஆகிவிட்டது. காலையில் இருந்த ஈரம் போய் மணல் இளகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். சூரியன் உச்சிக்கு வந்தால் மேடுகளில் நிழல் சுருங்கிப்போகும், கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். முகட்டுக்கு அப்பால் சரிவா, குழியா என்று ஓட்டுநரால் சொல்ல முடியாது. தலைவர் ஒவ்வொரு பெரிய முகட்டுக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, நடந்தே ஏறிப் பார்த்துவிட்டு வந்து வழி சொன்னார். அப்படியும் இன்னொரு வண்டி ஒரு கிண்ணக்குழியில் அடிவரை புதைந்தது. அதை எடுப்பதற்குள் ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு ஏறி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இளகிய மணலில் குறைந்த வேகத்தில் முக்கி முக்கி ஓடும்போது தானியங்கிக் கியர்பாக்ஸுக்கு வரும் சிக்கல்தான் இது. பானெட்டைத் திறந்து, காற்று வரும் திசை பார்த்து வண்டியைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

இரண்டு மணிக்கு நாம் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது தலைவர் திரும்புவோம் என்றார். விவாதம் எழுந்தது. "இன்னும் நாலு மேடுதானே" என்றவர்களும் உண்டு. அந்த நாலு மேட்டிலும் இதே மணல், இதே வெளிச்சம். களைத்துப்போன ஓட்டுநர்கள், தூங்கி வழியும் பிள்ளைகள். தலைவர் குரலை உயர்த்தாமல் மறுபடியும் அதையே சொன்னார். வண்டிகள் திரும்பின.

திரும்பும் வழியில் நமக்குக் கிடைத்த உதவியை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். மேடுகளுக்கு நடுவே ஒரு சப்கா, அதாவது உப்புப் படிந்த சமவெளி தெரிந்தது. அதைக் கடந்தால் தார்ச்சாலைக்குக் குறுக்கு வழி. பக்கத்து ஒட்டகப் பண்ணையில் வேலை பார்க்கும் பாகிஸ்தானியப் பெரியவர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே நடந்து வந்து நம்மை நிறுத்தினார். முந்தின வாரம் பெய்த மழைநீர் உள்ளே இன்னும் வற்றவில்லை என்றார். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. தன் கைத்தடியை ஊன்றிக் காட்டினார், முழுத்தடியும் ஈரத்தோடு வெளியே வந்தது. சப்காவில் இறங்கிய வண்டியை இன்னொரு வண்டி வைத்து எடுக்க முடியாது, அந்த இன்னொரு வண்டியும் இறங்கிவிடும். விளிம்பை ஒட்டிக் கெட்டியான மணல் இருக்கும் வழியை அவரே காட்டிக் கொடுத்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். நம்மிடம் இருந்த ஆரஞ்சுப் பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டார். தார்ச்சாலையில் கடைசி வண்டி ஏறியபோது சூரியன் மேட்டைத் தொட்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் டயர்களுக்குக் காற்று ஏற்றினோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இதை வைத்துச் செயற்குழு இரண்டு முறை கூடிப் பேசியது. மணலுக்குள் போகும் முன்பே திரும்பும் நேரத்தை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் பாதி தூரம் தாண்டியிருக்காவிட்டால் எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்ப வேண்டும். அந்த முடிவு முன்வண்டிக்காரருடையது, அங்கே வாக்கெடுப்பு கிடையாது. லீவா போன்ற இடங்களுக்குப் புதிய ஓட்டுநர் ஒருவர் வந்தால் அவருக்கு முன்னும் பின்னும் பழகியவர் இருக்க வேண்டும். கடைசி வண்டியில் மீட்புக் கருவி முழுவதும் இருக்க வேண்டும், அதை ஓட்டுபவர் மீட்புப் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும். இவற்றைச் சேர்த்து ஒரே தீர்மானமாக அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறோம். நம்மில் பலர் முன்னே ஓட்ட ஆசைப்படுகிறோம், பின்னே ஓட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. அன்று ஆறாவது வண்டி சரிந்தபோது கருவிகள் பின்னால் இருந்ததால்தான் காரியம் நடந்தது. கடைசி வண்டியை ஓட்ட முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுக்கும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். குழுப் பணத்தில் இரண்டாவது கம்ப்ரஸரும் புதிய இழுவைக் கயிறும் வாங்கியிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பழைய கயிற்றில் நூல் பிரிந்திருந்தது. அதை யாரும் எடுத்து உபயோகிக்காதபடி வெட்டிப் போட்டுவிட்டோம்.

உறுப்பினர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் காப்பீட்டில் சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கு இடமுண்டா என்று பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர் அது. அந்த வயதுள்ள டயரோடு அக்டோபர் பயிற்சிக்கு வந்தால் மணலில் இறங்க அனுமதி கிடையாது. வாசலில் நின்று நானே பார்ப்பேன். ஆகையால் கோடையிலேயே மாற்றிவிடுங்கள்.

தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழியவும் விவாதிக்கவும் உறுப்பினர்களை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்