பட்கஸின் கணக்கு நோட்டு

சிகாகோ
8 அக்டோபர் 2023, ஞாயிறு

மாப்பிள்ளை,

நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. அதற்குத் திட்டுவதையெல்லாம் போனில் திட்டிக்கொள். இன்றைக்குச் சொல்ல வேண்டிய விஷயம் பெரிது.

டிக் பட்கஸ் போய்விட்டார், நம் சிகாகோ பியர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் எதிரணியை வீழ்த்தும் லைன்பேக்கராக ஆடியவர். அக்டோபர் 5, வியாழக்கிழமை. மாலிபுவில் தன் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். வயது 80. செய்தி வந்தபோது நான் ஆபீசில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதலில் உன் ஞாபகம் வந்தது. அடுத்து, பெர்வின் புறநகரில் இருக்கும் நம் பழைய வீட்டுக்காரப் பாட்டி ஞாபகம்.

அன்று ராத்திரியே பியர்ஸுக்கு வாஷிங்டனோடு ஆட்டம் இருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பாட்டி வீட்டுக்கு வண்டியை விட்டேன். நாம் குடியிருந்த பேஸ்மென்ட்டில் இப்போது பேரனுடைய அட்டைப்பெட்டிகள். நீ ஒட்டவைத்த ஜன்னல் கண்ணாடி இன்னும் அப்படியே இருக்கிறது, விரிசலோடு. பாட்டியின் கணவர், நம் பெரியவர், போய் 12 வருஷம் ஆகிறது, அவர் நாற்காலியில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. பாட்டிக்கு 91. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு, சமையலறை ரேடியோவில் வர்ணனை கேட்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் விடவே இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் அவருக்காக மைதானம் முழுக்க மௌனமாக நின்றார்கள். பாட்டி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நானும் எழுந்தேன். ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடுவது மட்டும் கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மாப்பிள்ளை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே உச்சத்தைத் தொட்டுவிட்ட ஒரு ஆட்டக்காரர். ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததை நீ பேப்பரில் பார்த்திருப்பாய். தொடர்ந்து 14 ஆட்டம் தோற்ற அணி. போன வருஷம் அக்டோபர் 24-க்குப் பிறகு ஒரு வெற்றி கிடையாது. அந்த அணி அன்றைக்குப் பார்த்து 40-20 என்று ஜெயித்தது. டி.ஜே. மூர் ஒருவனே 230 யார்டு, மூன்று டச் டவுன். மூர் மூன்றாவது தடவை எல்லையைத் தாண்டியபோது பாட்டி என் கையைப் பிடித்து, "அதே வாஷிங்டன், பார்த்தாயா?" என்றாள். உனக்கும் எனக்கும் மட்டும் புரிகிற கேள்வி.

1971 நவம்பர் 14. பெரியவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் கடைசியில் எழுந்து நின்று கையைத் தூக்குவாரே. வாஷிங்டன் 15, பியர்ஸ் 9. சிரில் பிண்டர் 40 யார்டு ஓடி டச் டவுன் போட்டு 15-15 ஆக்குகிறான். டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்ட்டுக்காகப் பந்தை உதைக்க வேண்டும், அதற்காகப் பின்னால் தள்ளிவிடும் பந்து (ஸ்னாப்) தாறுமாறாகப் போகிறது. பந்தை நிறுத்திப் பிடிக்க வேண்டிய பாபி டக்ளஸ் பின்னால் ஓடி அதை எடுத்து, துரத்துகிறவர்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் உயரத் தூக்கி எறிகிறான். அதுவரை தடுப்பாளராக நின்ற பட்கஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் சோனுக்குள் ஓடிப் பிடித்துவிடுகிறார். 16-15. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கையிலிருக்கும் பந்தைப் பிடுங்கிய மனுஷன், ஒரு புள்ளிக்காகப் பந்தைப் பிடித்து ஜெயிக்கவைத்தார். அதுதான் அவருக்கே ரொம்பப் பிடித்த ஆட்டமாம். சோல்ஜர் ஃபீல்டில் குளிரில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர் நம் பெரியவர்.

இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன். 1998 டிசம்பரில் ஆரம்பித்தாய், இருபத்தைந்து வருஷமாக விடவில்லை. "உன் ஆள் பெரிய ஆள் என்றால் நம்பர் எங்கே? என் லாரன்ஸ் டெய்லருக்கு 132.5 சாக் இருக்கிறது. பட்கஸுக்கு எத்தனை?" அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. கணக்குப்பிள்ளையே, பதில் கிடைத்துவிட்டது, கேள். சாக்கை, அதாவது பந்தை எறிய நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதை, லீக் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1982-ல். பட்கஸ் ஆடியது 1965 முதல் 1973 வரை. ஆளைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளை யாரும் எண்ணவில்லை. பந்தைத் தட்டிப் பறித்ததையும் யாரும் எண்ணவில்லை. கீழே விழுந்த பந்தை எடுத்தது மட்டும் கணக்கில் வந்தது, அதில் அவர் எடுத்தது 27. ஓய்வு பெற்றபோது அது லீக் சாதனை. எதிரணி எறிந்த பந்தை நடுவில் பிடித்த இன்டர்செப்ஷன் 22. எல்லாம் வெறும் 119 ஆட்டத்தில். உன் டெய்லர் கதையும் அதேதான். 1981-ல் அவர் அணிக்கு வந்த முதல் வருஷத்தில் போட்ட சாக் எதுவும் அந்த 132.5-ல் சேராது, தெரியுமா? எண்ணாமல் விட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது, மாப்பிள்ளை.

எண்ணாத விஷயத்துக்கு வேறு சாட்சி இருக்கிறது. அவரிடம் அடி வாங்கினவர்களும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களும் சொன்னதுதான் சாட்சி. கிரீன் பேயில் ஆடிய மக்ஆர்தர் லேன், பட்கஸோடு மோதுவதைவிட ஒரு கரடியோடு மோதிவிடலாம் என்றார். ஒவ்வொரு தடவை அடிபட்டு விழும்போதும் எழுந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வாராம். டீக்கன் ஜோன்ஸே பெரிய பயங்கரம், அவர் சொன்னது: பட்கஸ் அடித்தால் ஆஸ்பத்திரிக்கு அல்ல, கல்லறைக்கு அனுப்பத்தான் பார்ப்பார். ஆறடி மூன்று அங்குலம், 111 கிலோ. ஆனால் உடம்பு மட்டும் காரணம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் எதிரணியில் யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான், பியர்ஸைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று வேண்டுமென்றே கற்பனை செய்துகொண்டு கோபத்தை மூட்டிக்கொள்வாராம்.

அந்தக் கோபத்துக்குக் கீழே ஒரு தொழில்நுட்பம் இருந்தது. அதை நீ மறந்திருக்க முடியாது, ஏனென்றால் தேங்காய் உன் கையில்தான் இருந்தது. டெவன் அவென்யூவில் பட்டேல் கடையில் வாங்கி வந்தோமே, பொங்கலுக்கு முந்தின நாள். "பந்து மாதிரி பிடி, கிழக்கே ஓடு" என்றார் பெரியவர். எழுபது வயது. நீ ஹாலில் இரண்டு அடி வைப்பதற்குள் மார்புக்கு நேரே வந்து அணைத்தார். இடது கை உன் முதுகைச் சுற்றியது, வலது கை மேலிருந்து கீழாக முட்டிக்கு ஒரு வெட்டு. தேங்காய் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "மற்றவர்கள் காலைப் பிடித்து விழவைப்பார்கள். இவன் நெஞ்சில் மோதுவான். ஆளை நிற்கவைத்து, விழுகிற நேரத்துக்குள் பந்தை உருவிவிடுவான்" என்றார். நீ எழுந்து தோளைத் தடவிக்கொண்டே, "இது கபடியில் பிடிக்கிற பிடி" என்றாய். அவருக்குக் கபடி புரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு மணி நேரம் நீ தரையில் உட்கார்ந்து விளக்கினாய், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பட்கஸ் மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு பேரும் தெற்குச் சிகாகோக்காரர்கள். பட்கஸ் ரோஸ்லேண்டில், லிதுவேனியக் குடும்பத்தில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பிறக்கும்போதே ஆறு கிலோ. அப்பா ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனியில் எலெக்ட்ரிஷியன். நம் பெரியவரும் புல்மனில்தானே முதுகு ஒடிய வேலை பார்த்தார். பள்ளிக்கூடமும் இந்த ஊரில், காலேஜ் இலினாய் பல்கலைக்கழகம், அப்புறம் பியர்ஸ். 1965 சீசனுக்காக அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுத்தபோது மூன்றாவது ஆளாக பட்கஸையும் நான்காவது ஆளாக கேல் சேயர்ஸையும் பியர்ஸ் எடுத்தது. ஒரே நாளில் இரண்டு மாணிக்கம். அப்படியும் இரண்டு பேரும் சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

அதை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. 1969-ல் பியர்ஸ் 14 ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தது. ஒன்றே ஒன்று. பிட்ஸ்பர்க்கை 38-7. அன்றைக்கு பட்கஸ் அவர்கள் குவார்ட்டர்பேக்கை அவர்களுடைய எண்ட் சோனிலேயே வீழ்த்தி, சேஃப்டி என்கிற இரண்டு புள்ளி எடுத்தார். விதியைப் பார், பிட்ஸ்பர்க்கும் அந்த வருஷம் 1-13. புதுமுகங்களை முதலில் எடுக்கும் உரிமை யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள், பிட்ஸ்பர்க் ஜெயித்து டெர்ரி பிராட்ஷாவை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு ஆட்டத்தையும் தோற்றிருந்தால் நாணயமே தேவைப்பட்டிருக்காது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், ஞாயிற்றுக்கு ஞாயிறு, உலகக் கோப்பையே கையில் இருக்கிற மாதிரி ஒருத்தன் ஆடினான். அதை எந்த நம்பரில் எழுதுவது?

அப்புறம் முழங்கால். போன கடிதத்தில் மூட்டு வலி, மாடி ஏற முடியவில்லை என்று புலம்பியிருந்தாய். ஒழுங்காக டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்கஸுக்கு வலது முழங்காலில் 1971 சீசனுக்கு முன்னாலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று சீசன் ஆடினார். 1973-ல் ஒரு ஆட்டத்தில் தானாகவே மைதானத்தை விட்டு வெளியே வந்தார். வலி தாங்காமல் அவர் வெளியே வந்தார் என்றால் அது எப்படிப்பட்ட வலியாக இருக்கும், யோசி. தன் காலைச் சரியாகப் பார்க்கவில்லை என்று 1974-ல் சொந்த அணி மேலேயே 16 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் 6 லட்சத்தில் சமாதானம் ஆனது. அணியை உருவாக்கிய ஜார்ஜ் ஹாலஸும் அவரும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

பெரியவர் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், கவனித்திருக்கிறாயா? நாம் கேட்டால் எழுந்து போய்விடுவார். வியாழக்கிழமை பாட்டி சொன்னாள், அந்த வருஷம் அவர் அடுத்த சீசனுக்கு டிக்கெட் வாங்கவில்லையாம். "எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காக அவன் காலைக் கொடுத்தான், நாங்கள் கைதட்டினோம்" என்றாராம். இதை எழுதும்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. அந்த அடிகளை ரசித்தவன் நானும்தான். பழைய படத்துண்டுகளை எத்தனை தடவை பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறோம்! அவர் எழுந்து நடக்கிற நடையை ஒரு தடவையாவது பார்த்தோமா?

நல்லவேளை, பின்னால் ஹாலஸோடு சமாதானம் ஆகிவிட்டது. 1979-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழரங்கத்தில் இடம். 1985-லிருந்து காலேஜில் சிறந்த லைன்பேக்கருக்கு அவர் பெயரில் பரிசு. 1994 அக்டோபர் 31, கொட்டும் மழையில், கிரீன் பேயோடு நடந்த ஆட்டத்தின்போது அவருடைய சட்டை எண் 51-ஐயும் சேயர்ஸின் 40-ஐயும் இனி யாருக்கும் கிடையாது என்று அணி ஓய்வு கொடுத்தது. பெரியவர் அந்த மழையில் நனைந்துதான் நிமோனியா வந்து படுத்தார், நாம் வருவதற்கு முன்னால். சேயர்ஸ் 2020-ல் போனார். இப்போது இவரும்.

சரி, ஆட்டம் முடிந்து நான் கிளம்பும்போது பாட்டி உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். சிவப்பு அட்டை, முதுகில் எலெக்ட்ரிக் டேப். திறந்தால் தேதி, எதிரணி பெயர், அதன் கீழே பென்சில் கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பக்கம் பக்கமாக. அந்தக் காலத்தில் ஊருக்குள் நடக்கும் ஆட்டத்தை ஊர் டிவியில் காட்டமாட்டார்கள், 1973 வரை அதுதான் சட்டம். பெரியவர் எல்லா வாரமும் மைதானத்துக்குப் போக முடியுமா? போகாத வாரம் சமையலறை ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, ஜாக் பிரிக்ஹவுஸ் வர்ணனையில் பட்கஸ் ஆளை வீழ்த்தினான் என்று வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறார். பந்தைப் பறித்தால் கோட்டின் தலையில் ஒரு சின்ன வட்டம். 1969 பிட்ஸ்பர்க் பக்கத்தில் பென்சில் முனை ஒடிந்து தாளில் ஒரு கிழிசல் இருக்கிறது. ஒடிந்த பிறகு நீல மையில் தொடர்ந்திருக்கிறார். 1973-ல் பாதியில் கோடுகள் நின்றுவிடுகின்றன, மீதிப் பக்கமெல்லாம் காலி.

நாம் மூன்று வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். நீ தினமும் நம்பர் நம்பர் என்று கத்தினாய். ஒருநாளும் அவர் இந்த நோட்டை வெளியே எடுக்கவில்லையே, ஏன் என்று பாட்டியிடம் கேட்டேன். "அது சண்டைக்கு எழுதினதில்லை" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "தேங்காய்ப் பையனிடம் கொடுத்துவிடு. கேட்டது அவன்தானே" என்றாள்.

நான் கூட்டிப் பார்க்கவில்லை. அது உன் வேலை. மச்சினன் டிசம்பரில் கோயம்புத்தூர் வருகிறான், கைப்பையில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். தாள் பொடிந்துபோகிற நிலையில் இருக்கிறது, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை.

நோட்டு வரும்வரை காத்திருக்காமல் பாட்டிக்கு ஒரு போன் போடு. இங்கே காலை 11 மணி, உனக்கு ராத்திரி ஒன்பதரை. காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேச வேண்டும். தேங்காய் என்று சொன்னால் போதும், ஆள் தெரிந்துவிடும்.

என்றும்
உன் பேஸ்மென்ட் தோழன்