விரலில் சுற்றிய கறுப்பு டேப்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீ காட்ட நினைத்தது உன் பட்டறையில் செய்த புது ஸ்டூலை. என் கண் போனது அதைப் பிடித்திருந்த விரலுக்கு. கறுப்பு இன்சுலேஷன் டேப், அதன் அடியில் பிதுங்கிக்கொண்டு ஒரு டிஷ்யூத் துண்டு. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, சூப்பர் க்ளூ வச்சு ஒட்டிட்டேன்" என்று சிரிக்கிறாய். சரி, திட்டப் போவதில்லை. நானும் இதையெல்லாம் செய்தவன்தான், அதுவும் உன் அம்மாவுக்குத் தெரியாமல். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

என் இடது கட்டைவிரல் மேட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவாய். அது உளி கிழித்தது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பூட்டச் சோம்பல்பட்டு, கையில் பிடித்துக்கொண்டே அதில் காடி (பள்ளம்) எடுத்தேன். உளி வழுக்கிவிட்டது. முதலில் வலியே இல்லை. வெள்ளையாக ஒரு பிளவு தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்து நிறைந்தது. பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து அழுத்தினேன். அழுத்தினேன் என்று சொல்வதுகூடப் பொய். நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி நிற்கும்? காயத்தின் வாயில் ரத்தம் உறைந்து மெல்லிய வலை மாதிரி பிடிக்கிற நேரத்தில், துணியோடு அதையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா வந்தாள். துவைத்து மடித்த துண்டு ஒன்றை வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் என் கையை நசுக்குகிற மாதிரி பிடித்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பார்க்கலாமா?" என்று மூன்று தரம் கேட்டேன். பதிலே இல்லை. பத்து நிமிடம் ஆனபிறகுதான் விட்டாள். நின்றிருந்தது.

அந்தப் பத்து நிமிடம்தான் இந்தக் கடிதமே. கிடைத்ததில் சுத்தமான துணி எதுவோ அதை வைத்து, காயத்தின் மேலேயே, வலிக்க வலிக்க அழுத்து. முதலில் தரையில் உட்கார்ந்துகொள். தன் ரத்தத்தைப் பார்த்து மயங்கி, மேஜை முனையில் மண்டையை இடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. துணி நனைந்தால் எடுக்காதே, அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்து. டிஷ்யூ நனைந்தால் நாராகிக் காயத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், வேறு எதுவுமே இல்லை என்றால் மட்டும் அது. மரத்தூள், அந்தப் பொடி இந்தப் பொடி எதையும் தூவாதே. கையில் மோதிரம் இருந்தால் உடனே கழற்று. விரல் வீங்கிவிட்டால் அப்புறம் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது உன் சூப்பர் க்ளூ. அதற்கு ஒரு சுவாரசியமான கதை உண்டு. 1942-இல் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தட்டுப்பட்ட பொருள் அது. எல்லாவற்றிலும் ஒட்டித் தொலைக்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். பிற்பாடு அதே குடும்பத்தில் தோலுக்கென்றே ஒரு பசை செய்து, 1998-இல் அமெரிக்காவில் அதற்கு மருத்துவ அனுமதியும் கிடைத்தது. ஆனால் அது வேறு, உன் மேஜையில் இருக்கும் ட்யூப் வேறு. இது காயத்தை எரிக்கும், சூடாகும், உள்ளே இருக்கும் அழுக்கையும் சேர்த்து மூடி வைத்துவிடும். அதைப் பஞ்சின் மேல் ஒருபோதும் ஊற்றிவிடாதே. பஞ்சில் பட்டால் சட்டென்று கொதித்துத் தோலைச் சுட்டுவிடும்.

டேப்பை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய சின்னக் காயத்தில், துணியை வைத்து அதன் மேல் சுற்றலாம். இறுக்கிவிடாதே. சுற்றியதும் நகத்தை அழுத்திப் பார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் நுனி குளிர்ந்து மரத்துப்போகிறது என்றால் பிரித்துத் தளர்வாகச் சுற்று.

தரையில் சிந்திய ரத்தம் எப்போதும் உள்ளதைவிட அதிகமாகத்தான் தெரியும். உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ஓடுகிறது, அரை டம்ளருக்குப் பயப்படாதே. பயப்பட வேண்டியது பீச்சியடிக்கிற ரத்தத்துக்கு, அழுத்தியும் நிற்காமல் கொட்டுகிற ரத்தத்துக்கு. வேகமாகச் சுழலும் தகட்டால் அறுக்கிற ஆங்கிள் கிரைண்டர் அப்படிச் செய்யும். உடனே அவசர எண்ணைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இரு. கையிலோ காலிலோ என்றால், அப்போதும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியைக் கட்டி, அதில் ஒரு ஸ்பேனரைச் செருகி ரத்தம் நிற்கிறவரை முறுக்கு. ஒயர், கயிறு வேண்டாம், மெல்லியது சதையை வெட்டும். பெல்ட்டும் சரிப்படாது, போதுமான அளவு முறுகாது. கட்டிய நேரத்தைக் குறித்து வை. மருத்துவர் வரும்வரை நீயாகத் தளர்த்தாதே. உயிர் போகிற வலி வலிக்கும்.

எதாவது குத்தி நின்றால் பிடுங்காதே, அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. விரல் துண்டானால் (எழுதவே கை கூசுகிறது) அந்தத் துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வை. ஐஸ் நேராகத் துண்டில் படக்கூடாது.

பெயின்ட் ஸ்ப்ரேயரும் கிரீஸ் கன்னும் வாங்கப் போவதாகச் சொன்னாய். அவை விரலில் பாய்ந்தால் ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் இருக்கும், ரத்தம்கூட வராது. அழுத்தத்தில் உள்ளே போனது சதை நெடுகப் பரவியிருக்கும். அன்றைக்கே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். வலிக்கட்டும் என்று காத்திருக்காதே.

உன் விரலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். முழுசாக மடக்கி நீட்ட வருகிறதா? நுனியில் உணர்ச்சி இருக்கிறதா? காயத்தின் வாய் திறந்துகொள்கிறதா? மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் இன்றைக்கே டாக்டரிடம் போ, தையலைத் தள்ளிப்போட்டால் போட முடியாமல் போகும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாய்? அழுக்குக் காயத்துக்கு, போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள்.

ஒரு தகரப் பெட்டி அனுப்புகிறேன். காஸ் துணிக் கட்டுகள், அகலமான பேண்டேஜ், கத்தரிக்கோல், சுத்தமான துண்டு இரண்டு, நேரம் எழுத ஒரு மார்க்கர். நீ இடதுகைக்காரி, அடிபடப் போவது பெரும்பாலும் மரத்தைப் பிடிக்கும் வலது கை. மூடியை இடது கையால் மட்டும் திறந்து பார்த்தேன், கொக்கி முரண்டு பிடித்தது. அரத்தால் தேய்த்துவிட்டேன், இப்போது கட்டைவிரலாலேயே திறக்கிறது. கதவுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் எட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு ஒரு படம் அனுப்பு. அதில் அந்த விரலும் தெரியட்டும், டேப் இல்லாமல்.

அன்புடன்,
அப்பா