தோட்டத்தில் எண்ணெய் கசிந்தபோது ஓடிவந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும், மூன்று மாதம் தள்ளிப்போய்விட்டது, மன்னிக்கவும். புது மண் கொட்டித் தூவிய புல்விதை நேற்றுதான் ஊசி ஊசியாக முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நாங்கள் இருப்பது வட அயர்லாந்தில், ஆண்ட்ரிம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். இங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எண்ணெய் எரித்துத்தான் குளிர் போக்க வேண்டும். தோட்டத்து மூலையில் பச்சை பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து மண்ணுக்கடியில் செப்புக் குழாய், அந்தக் கடைசியில் பாய்லர். எண்ணெய் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது நம் ரேஷன் கடை சீமெண்ணெய்தான், அந்த நீலச் சாயம் மட்டும் கிடையாது.

பிப்ரவரியில் 500 லிட்டர் ஊற்றிப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை, டேங்க்கில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஹீட்டரை அணைப்பதே இல்லை என்று முதலில் பிள்ளைகளைத்தான் திட்டினேன். மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தால் குப்பென்று பாட்டி வீட்டு ஸ்டவ் வாசனை! குழாய் போகும் வழியெல்லாம் புல் மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது, நடைபாதைக் கல்லிடுக்கில் தேங்கிய மழைநீரில் வானவில் மிதந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கையில் தண்ணீர் ஹோஸ், இன்னொரு கையில் பாத்திரம் கழுவும் சோப்பு, கழுவி விட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாரே அந்தப் பெரியவர், அவருக்குத்தான் முதல் நன்றி. எண்பதை நெருங்குகிறார், பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, டேங்க்குக்கு அடியில் இருந்த வால்வைத் திருகி மூடினார். அங்கே ஒரு வால்வு இருப்பதே எனக்குத் தெரியாது, நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். சோப்பு போட்டால் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், அப்புறம் வழித்தெடுக்கவே முடியாது என்றார். எங்கள் பின்பக்க வாய்க்கால் ஓடையில் சேர்ந்து நேராக நேய் ஏரிக்குப் போகிறது, வட அயர்லாந்தின் குடிநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த ஏரியிலிருந்துதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து, டிராக்டரில் மணல் மூட்டை கொண்டுவந்த விவசாயி. வாய்க்காலை மூட்டையால் அடைத்தவர், அடியில் ஒரு குழாயைச் சாய்த்துச் செருகினார், உள்பக்க வாய் தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருக்கும்படி. எண்ணெய் மேலே மிதந்துகொண்டு அங்கேயே நிற்க, அடித்தண்ணீர் மட்டும் குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. படித்த படிப்பெல்லாம் தண்டம் என்று தோன்றியது அப்போதுதான். மதியத்துக்குள் சுற்றுச்சூழல் துறை அதிகாரி ஒருவர் வந்தார். அபராதம் போடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், அவரோ ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளை விரிப்புகளைப் போட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கசிவைக் கண்டுபிடித்த டெக்னீஷியனுக்கு நன்றி. யாரோ எந்தக் காலத்திலோ உறை போடாமல் செப்புக் குழாயைச் சிமெண்டுக்குள் புதைத்திருக்கிறார்கள், அரித்து அரித்து ஒரு ஊசித்துளை, அவ்வளவுதான். குழி தோண்டிய தம்பிகள் ஒன்றரை மீட்டர் இறங்கினார்கள், கைக்கருவியைப் பிடித்து மண்ணில் ஆவி இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, கெட்ட மண்ணை லாரி லாரியாக ஏற்றி அனுப்பினார்கள். குடிநீர்க் குழாய் பிளாஸ்டிக், சீமெண்ணெய் அதற்குள்ளும் ஊறிப் புகுமாம்! அலுமினிய அடுக்கு வைத்த குழாய் மாற்றும்வரை எட்டு நாள் இட்லி மாவு அரைக்கக்கூடத் தெருக்காரர்கள் கொண்டுவந்து வைத்த கேன் தண்ணீர்தான்.

காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தோட்டத்து மண் எங்கள் கணக்கில் வராது என்று முதலில் கைவிரித்தார்கள். பெல்ஃபாஸ்ட் அக்கா, நீங்கள் மட்டும் அந்தப் பாலிசியை இரவு முழுக்க வரி விடாமல் படித்து, மாசுபட்ட மண்ணை அகற்றும் செலவு பற்றிய வரிக்கு அடிக்கோடு போட்டு அனுப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்று கடனாளி. வாசனை தாங்காமல் தவித்தபோது பிள்ளைகளை மூன்று நாள் வைத்துக்கொண்ட அண்ணனுக்கும் அண்ணிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சின்னவன் இன்னும் அண்ணி வைத்த ரசத்தைப் பற்றியே பேசுகிறான், அது எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேக்கோடு போய் நேரில் சொல்லியாயிற்று. பெரியவர் கேக்கை வாங்கிக்கொண்டு, வால்வு எங்கே இருக்கிறது சொல் பார்ப்போம் என்று என்னையே பரீட்சை வைத்தார்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஷெட்டில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடக்கிறது, பச்சை நிறம், 9ஆம் சைஸ். மூன்று தடவை கழுவியும் சீமெண்ணெய் நெடி போகவில்லை. யாருடையது என்று சொல்லுங்கள், புதிதாகவே வாங்கித் தந்துவிடுகிறேன்.